உதடு ஒட்டாத சொல்

படம் முடிந்ததும் திரையில் ஓடும் பெயர்களில், கடைசிக்குச் சற்று முன்னால், 'உதட்டசைவைப் படித்துச் சொன்னவர்' என்று ஒரு வரி வரும். அதற்கு நேராக ஒரே ஒரு பெயர்: ரஹ்மத், உத்தமபாளையம்.

போன மாதம், எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜெனிபர் டீச்சர் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"டீச்சர், அந்த ரஹ்மத் நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளையாமே? காதே கேக்காதவுகள வச்சு எப்பிடி டீச்சர் பேசும் படத்தச் சரி பண்ணுனாக?"

நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்றேன். "அப்ப எழுதிக் குடுங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெனிபர் படித்து வந்த படிப்பு வேறு. இப்போது இரண்டு வயதுப் பிள்ளைக்கே அறுவை செய்து காதுக்குள் கருவி பொருத்திவிடுகிறார்கள். அவளிடம் வரும் பிள்ளைகள் கொஞ்சமாவது சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள். என்னிடம் வந்தவர்கள் இடி இடித்தாலும் திரும்பிப் பார்க்காதவர்கள். காலம் மாறியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கருவி இல்லாமல் முப்பத்து மூன்று வருடம் என்ன செய்தோம் என்பதை அவளைப் போன்றவர்கள் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

நான் பிறந்தது உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு கிறிஸ்தவக் கிராமத்தில். அப்பா வாத்தியார். என்னையும் வாத்தியாராக்கினார். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஒரு வருடம் வெளியூரில் பயிற்சி எடுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டு நினைப்பில் அழுததுதான் அதிகம். ஊருக்குத் திரும்பி, கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதிப் பள்ளியில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது.

வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். சுவரில் ஆளுயரக் கண்ணாடி. பிள்ளையும் நானும் அதன் முன்னால் தோளோடு தோள் ஒட்டி உட்காருவோம். நான் வாயைத் திறந்தால் பிள்ளையும் திறக்கும். நாக்கை எங்கே வைக்கிறேன் என்று பார்க்கும். பிறகு அதன் கையை எடுத்து என் தொண்டையில் வைத்துக்கொண்டு 'ஆ' என்பேன். அதிர்வு கைக்குத் தெரியும். அந்தக் கையை அதன் தொண்டைக்கே மாற்றி வைத்தால் அதே அதிர்வைத் தன்னிடமும் தேடும். சில பிள்ளைகளுக்கு அன்றைக்கே கிடைத்துவிடும். சிலருக்கு மாதக்கணக்காகும்.

இருப்பதிலேயே கஷ்டம் 'ப'வும் 'ம'வும். இரண்டுக்கும் உதடு ஒட்டிப் பிரியும். பார்க்கிற கண்ணுக்கு 'அப்பா'வும் 'அம்மா'வும் ஒரே சொல். வித்தியாசத்தைக் கையில்தான் காட்ட வேண்டும். போடியிலிருந்து இலவம் பஞ்சு வாங்கி வைத்திருப்போம். ஒரு துணுக்கைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, வாயருகே பிடித்துக்கொண்டு 'ப' சொன்னால் பஞ்சு பறக்கும். 'ம' சொன்னால் பறக்காது. ஆனால் மூக்கின் மேல் விரல் வைத்தால் வண்டு முரல்வது போல் இருக்கும். பஞ்சு பறந்தால் அப்பா. மூக்கு அதிர்ந்தால் அம்மா.

தலைமை ஆசிரியை சிஸ்டர் பிலோமினா. அவர் வகுப்புக்குள் வரமாட்டார். வராந்தாவில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பிள்ளை சொல்வது அவர் காதுக்கு மட்டும் போக வேண்டும். முகத்தைப் பார்த்தால் மனசு இரங்கித் தேறிவிட்டதாக நினைக்கத் தோன்றுமாம். சரியாக வரவில்லை என்றால், திரும்பாமலே "மறுபடியும்" என்பார். சரியாக வந்துவிட்டால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வகுப்புக்கு நடந்துவிடுவார். அந்தச் செருப்புச் சத்தம் நகர்கிறதா என்று நான் எத்தனையோ நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. பிள்ளைகள் கையசைத்துப் பேசிக்கொள்ளக் கூடாது. கை பேசினால் வாய் சோம்பிவிடும் என்பது அந்தக் காலத்துப் பாடம். நானும் பிள்ளைகளை அவர்கள் கையின் மேலேயே உட்கார வைத்திருக்கிறேன். இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. விடுதிக்குப் போனதும் அவர்கள் கையாலேயே சிரித்து, கையாலேயே சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ரஹ்மத் ஆறு வயதில் வந்தாள். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் தகப்பனார் காஜா பாய்க்குச் சைக்கிள் கடை. தாயார் அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துபோனார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்ததும் பாய் சைக்கிளில் வந்துவிடுவார். எத்தனை தடவை கழுவினாலும் போகாத மை அவர் நகக்கண்ணில் இருக்கும். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, "டீச்சரம்மா, பிள்ள பேசிருச்சா?" என்பார்.

"இன்னும் இல்ல பாய். வந்துரும்."

"வரட்டும். அவசரம் ஒண்ணும் இல்ல" என்பார். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதையேதான் கேட்பார்.

ரஹ்மத்துக்கு 'ம' சீக்கிரம் வந்தது. 'ப' வரவில்லை. உதட்டை ஒட்டுவாள், பஞ்சு அசையாது. கோபத்தில் பஞ்சைத் தின்றுவிடுவாள். ஏழு மாதம் இப்படிப் போனது. ஒரு மழைக்கால மதியம், என் கையில் இருந்த பஞ்சு எகிறிக் கண்ணாடியில் போய் ஒட்டியது. அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் விரலால் 'இன்னொரு தடவை' என்று காட்டினேன், கை பேசக் கூடாது என்பதையே மறந்து. "அப்பா" என்றாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் நகர்ந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பாயை வகுப்புக்குள்ளேயே கூட்டிவந்து உட்கார வைத்தேன். ரஹ்மத் அவர் முன்னால் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, தெளிவாக, "அப்பா" என்றாள். அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து, பிள்ளைக்குக் கேட்டுவிடும் என்பதுபோல் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீக டீச்சரம்மா. எங்க வீடுகள்ல அத்தான்னுதான் கூப்பிடுறது. நான் எங்க அத்தாவ அப்பிடித்தான் கூப்பிட்டேன். இப்ப இது சொன்னது... என்னையத்தானே கூப்பிட்டுச்சு?"

பாடப்புத்தகத்தில் 'அப்பா' என்று இருந்தது. என் வீட்டிலும் அப்பாதான். ஏழு மாதம் பாடுபட்டு, ஒரு பிள்ளைக்கு அதன் தகப்பனுக்குச் சொந்தமில்லாத ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

மறுநாள் சிஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். புத்தகத்தை மாற்ற முடியாது என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் கையில் இருந்த நீலப் பென்சிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பிள்ளைகளைச் சேர்க்கும்போது எழுதும் பெரிய நோட்டை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் பெற்றோர் பெயருக்கு அருகில் ஒரு கோடு இழுத்தார்.

"இனிமே சேர்க்கும்போதே கேட்டுடுங்க. இந்த வீட்ல அப்பாவை எப்படிக் கூப்பிடுவாங்க, அம்மாவை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு. அதுதான் முதல் பாடம்" என்றார்.

'அத்தா'வுக்கு மூன்று நாள்தான் ஆனது. நாக்கு பல்லைத் தொடுவது கண்ணுக்குத் தெரியுமே. அடுத்த வெள்ளிக்கிழமை வராந்தாவிலிருந்து அவள் கூப்பிட்டதும், பாய் சைக்கிளைக் கேட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

ரஹ்மத் பத்தாவதுவரை எங்களிடம் படித்தாள். தையல் கற்றுக்கொண்டாள். இன்றைக்கு உத்தமபாளையத்தில் கல்யாணப் பெண்களுக்கு ரவிக்கை தைக்க அவளிடம்தான் வரிசை. பாய் இறந்து பல வருடம் ஆகிறது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பதில் அவளைப் போல் ஒருத்தியை நான் கண்டதில்லை. நாங்கள் கற்றுக்கொடுத்தது பாதி. மீதியைக் கடைக்கு வந்துபோகும் நூறு ஊர்ப் பெண்களின் வாயைப் பார்த்து அவளே படித்துக்கொண்டாள்.

நான் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் படத்துக்காரர்கள் வந்தார்கள்.

பேசும் படங்கள் வரத் தொடங்கிய காலத்தில் எடுத்த படம் அது. ஒரு நாவலைத் தழுவியது. தாயில்லாத முத்தன் என்ற கிராமத்துப் பையன், தகப்பனோடு மாடு மேய்த்து, ஆற்றில் குதித்து, கடைசியில் மலைத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற கதை. கம்பம் பக்கத்தில் அதை இன்னமும் 'முத்தன் படம்' என்றுதான் சொல்வார்கள். முத்தனாக நடித்தவர் கம்பத்துப் பையன். அந்த ஒரு படத்தோடு சரி. ஊருக்குத் திரும்பித் திராட்சைத் தோட்டம் பார்த்துக்கொண்டு வாழ்ந்து முடிந்துபோனார்.

பழைய படங்களைச் சீராக்கும் வேலையில் இருந்த விவேக் என்ற இளைஞர் சென்னையிலிருந்து வந்திருந்தார். கூடவே, முத்தனாக நடித்தவரின் மகள் ராசாத்தி. அறுபது வயதிருக்கும். சின்னமனூரில் வாக்கப்பட்டவர். விவேக்தான் விஷயத்தைச் சொன்னார்.

"படம் பத்துச் சுருள் மேடம். பிலிமோட ஓரத்துல ஒரு மெல்லிசு கோடு மாதிரி ஓடுமே, அதுலதான் சத்தம் இருக்கும். கடைசிச் சுருள்ல பூஞ்சை பிடிச்சு அந்த ஓரம் மட்டும் போயிடுச்சு. படம் நல்லா இருக்கு, சத்தம் இல்ல. வாயசைவை வச்சு என்ன பேசறாங்கன்னு நீங்க சொன்னா, வேற குரல் வச்சுச் சேர்த்துடலாம்."

ராசாத்தி குறுக்கிட்டார்:

"டீச்சர், எங்க அப்பா அந்தப் படத்தப் பத்தி ரொம்பப் பேச மாட்டாக. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாக. 'கடைசில ஒரு வார்த்தைய மாத்திச் சொல்லிப்புட்டேன், யாருமே கண்டுபிடிக்கல'ன்னு சொல்லிச் சிரிப்பாக. என்ன வார்த்தைன்னு கேட்டா, படத்தப் பாத்துக் கண்டுபிடின்னுருவாக. படந்தான் ஆப்பிடவே இல்லையே. நீங்க பாத்துச் சொல்லணும்."

விவேக் அந்த நாவலையும் ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போனார். நான் செய்த தப்பு, அதை முதலில் படித்ததுதான்.

பத்து நாள் உட்கார்ந்தேன். மடிக்கணினியில் அந்தச் சுருளை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு, ஒவ்வொரு வாயசைவையும் நோட்டில் எழுதினேன். பெரும்பாலும் நாவலில் இருந்த பேச்சுத்தான். கடைசிக் காட்சி விடிகாலை. தகப்பன் கட்டிலில் தூங்குகிறார். முத்தன் துணிமூட்டையோடு வாசற்படியில் நிற்கிறான். முகம் முக்கால் பாகம் நமக்குத் தெரிகிறது. உள்ளே பார்த்து ஏதோ சொல்லிவிட்டு இறங்கி நடக்கிறான். நாவலில் அந்த இடத்தில், 'அப்பா, போயிட்டு வாரேன்' என்று இருந்தது. திரையிலும் உதடு ஒட்டிப் பிரிந்தது. அப்படியே எழுதினேன். மாற்றிச் சொன்ன வார்த்தை எதுவும் இல்லை என்று அடியில் குறிப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ராசாத்திக்குப் போனில் சொன்னேன்.

"அப்பிடியா டீச்சர். அப்ப அப்பா சும்மா வெளையாட்டுக்குச் சொல்லிருக்காக போல" என்றார். பிறகு, "நான் சின்னப் பிள்ளைல இருந்து அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

விவேக் என் நோட்டை வைத்துச் சென்னையில் ஒரு பையனைப் பேசவைத்துக் குரலும் பதிந்துவிட்டார். தேனியில் படத்தைத் திரையிட நாளும் குறித்தாகிவிட்டது. ஆனால் ராசாத்தி போனை வைத்த விதம் என்னை விடவில்லை. திரையிட ஒரு வாரம் இருக்கும்போது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ரஹ்மத்தின் கடைக்குப் போனேன்.

அவளிடம் கதை எதையும் சொல்லவில்லை. ஒரு பையன், ஒரு வீடு, அவ்வளவுதான். கடைசிக் காட்சியைப் போட்டேன். சத்தம் இல்லையே என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு எந்தப் படமும் அப்படித்தான். கழுத்தில் அளவு நாடா தொங்க, முன்னால் குனிந்து ஒரு தடவை பார்த்தாள். இரண்டாவது தடவை போடச் சொன்னாள். அது முடிந்ததும் நிமிர்ந்தாள். முகம் பூரித்திருந்தது.

"அத்தா, போயிட்டு வாரேன்" என்றாள். "டீச்சர், இவன் எங்க ஆளா?"

"அத்தாவா? அப்பா இல்லையா?"

அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்பா, போயிட்டு. ரெண்டு தடவ உதடு ஒட்டணும். அப்பாவுக்கு ஒண்ணு, போயிட்டுக்கு ஒண்ணு. இங்க ஒரு தடவதான் ஒட்டுது. நல்லாப் பாருங்க."

பார்த்தேன். 'போயிட்டு'வில் மட்டும்தான் உதடு ஒட்டியது. அதற்கு முன்னால் இருந்த சொல்லில் உதடு ஒட்டவே இல்லை. மேல்பல்லுக்குப் பின்னால் நாக்கு நுனி வந்து போனது பளிச்சென்று தெரிந்தது. முப்பத்து மூன்று வருடம் இதே வேலை பார்த்தவள் நான். புத்தகத்தில் படித்ததைத் திரையில் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறேன். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ரஹ்மத் அதைப் பார்த்துவிட்டாள். நாற்காலியை என் பக்கம் நகர்த்திப்போட்டு, "வெளிச்சம் பத்தல டீச்சர், அதான்" என்றாள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

அங்கிருந்தே விவேக்குக்குப் போன் செய்து, "நான் எழுதிக் கொடுத்தது தப்பு. அது அத்தா" என்றேன். அவர் அன்றிரவே பஸ் ஏறிவிட்டார். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றார். ரஹ்மத்தும் வந்துவிட்டாள்.

"அத்தாங்கறது எப்படி மேடம் சரியா வரும்? முத்தன் விவசாயக் குடும்பம். நடிச்சவரும் அப்படித்தானே?"

அது நியாயமான கேள்விதான். ராசாத்திக்கே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். ரஹ்மத்துக்காக நான் வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன்.

"ராசாத்தி, ஒங்க அப்பா சின்னப் பிள்ளைல அவுக அப்பாவ எப்பிடிக் கூப்பிடுவாக?"

"அய்யான்னுதான் டீச்சர்."

"அவுக அம்மாவ?"

"ஆத்தான்னு."

விவேக் சட்டென்று மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். பிலிமில் ஒரு வினாடிக்கு இருபத்து நாலு படம். சத்தம் நன்றாக இருக்கும் மற்றச் சுருள்களில் முத்தன் 'அங்கன' என்று சொல்லும் இடத்தையும், 'ஆடு' என்று சொல்லும் இடத்தையும் தேடி எடுத்து, வாய் எத்தனை படத்துக்குத் திறந்திருக்கிறது என்று எண்ணினார். குறிலுக்கு மூன்று. நெடிலுக்கு ஏழு. பிறகு வாசற்படிக் காட்சிக்கு வந்து எண்ணினார். ஏழு.

"ஆத்தா" என்றார் மெதுவாக. "ஆத்தா, போயிட்டு வாரேன்."

ரஹ்மத் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த பூரிப்பு கொஞ்சம் இறங்கியதை நான் கவனித்தேன். கவனிக்காதது போல் இருந்துவிட்டேன்.

"ஆனா இது கதைக்கு ஒத்து வரலையே மேடம்" என்று விவேக் தலையைப் பிடித்துக்கொண்டார். "முத்தனுக்கு அம்மா கிடையாது. முதல் சுருள்லயே செத்துடறாங்க. உள்ள தூங்கறது அப்பா. பாக்கறவங்க குழம்பிடுவாங்க. பதிஞ்ச குரல் அப்படியே இருக்கட்டுமே. அப்பான்னே போயிடட்டும். யாருக்குத் தெரியப் போகுது?"

நான் அதை ரஹ்மத்துக்குத் திருப்பிச் சொல்லத் தேவைப்படவில்லை. அவளே அவர் உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். அவள் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல், கொஞ்சம் உரக்க வரும். புதியவர்களுக்குக் கோபமாகப் பேசுவது போல் இருக்கும். அப்படித்தான் கேட்டாள்:

"செத்துப் போயிட்டா கூப்பிடக் கூடாதா?"

விவேக் தலையிலிருந்து கையை எடுத்தார்.

"நான் டெய்லி கடை தொறக்கும்போது அத்தான்னு சொல்லித்தான் தொறக்கேன்" என்றாள். "அவுக வாராகளா என்ன?"

போன் இன்னும் வைக்கப்படாமல் இருந்தது எங்களுக்கு ஞாபகமே இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து ராசாத்தியின் குரல் வந்தது. அழுதுகொண்டிருந்தார்.

"டீச்சர், எங்க அப்பத்தா, அப்பாவப் பெத்த ஆத்தாதான், படம் எடுக்கயில கூடப் போனாக. போடியில ரயிலேறிப் போயி, ரெண்டு மாசம் அங்கனயே இருந்தாகளாம். கேமராவுக்குப் பக்கத்துலயே நிப்பாகளாம். அவுக நின்னாத்தான் அப்பா பேசுவாகளாம். கட்டிலப் பாத்துச் சொல்லுன்னு சொன்னா, அப்பா ஆத்தாவப் பாத்துச் சொல்லிருக்காக. அதான் மாத்திச் சொன்ன வார்த்த. அதேதான் டீச்சர்."

பிறகு ராசாத்தியே கேட்டார்: "வேற பிள்ள கொரல வைக்காம விட முடியுமா தம்பி? எங்க அப்பா கொரல் இல்லேன்னா சும்மாவே இருக்கட்டுமே."

விவேக் அன்றைக்கு முழுக்க யோசித்தார். சாயங்காலம் பஸ் ஏறும்போது, "குரல் வேண்டாம், அடியில எழுத்து மட்டும் போட்டுடறேன் மேடம்" என்றார். பெயர்ப்பட்டியலுக்கு என் பெயரைக் கேட்டார். தப்பாகப் படித்தவள் பெயர் எதற்கு, சரியாகப் படித்தவள் பெயரைப் போடுங்கள் என்றேன். அது பெருந்தன்மை இல்லை. வேலையில் நடந்தது அதுதான்.

தேனியில் அரங்கம் நிறைந்திருந்தது. எங்கள் பழைய பிள்ளைகள் மூன்று வரிசைக்கு வந்திருந்தார்கள். எல்லோருக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஒன்பது சுருள் வரைக்கும் மற்றவர்கள் சிரித்த பிறகு இவர்கள் எழுத்தைப் படித்துச் சிரித்தார்கள். பத்தாவது சுருளில் சத்தம் நின்றது. பின்னால் யாரோ "மிஷின் போச்சா?" என்றார். இருமல், நாற்காலி கிறீச்சிடும் சத்தம். அப்போது திரையில் முத்தன், வழியை மறித்து நின்ற காளையிடம் என்னவோ சொன்னான். எழுத்து வருவதற்கு முன்பே எங்கள் மூன்று வரிசையும் கொல்லென்று சிரித்தது. காது கேட்கிறவர்கள் எல்லோரும் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான், 'ஏலே, நீ என்ன எனக்கு மூத்தவனா?' என்ற எழுத்து வந்தது. அதன் பிறகு அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. கேட்கிறவர்களும் வாயைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

வாசற்படிக் காட்சி வந்தபோது ராசாத்தி எனக்கும் ரஹ்மத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். முத்தனின் வாய் திறந்தது. கீழே, 'ஆத்தா, போயிட்டு வாரேன்' என்று எழுத்து வந்தது. யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து ராசாத்தி எங்கள் இரண்டு பேரையும் சாப்பாட்டுக்குச் சின்னமனூருக்கு வரச் சொன்னார். சாப்பிட்டு முடித்ததும், கொஞ்சம் தயங்கி, டிவியைப் போட்டார். அவருடைய கல்யாண வீடியோ. பழைய டேப்பிலிருந்து அவர் மகன் மாற்றிக் கொடுத்தது. அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் செய்வது போல, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பேச்சுச் சத்தத்தை எடுத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டை ஓட்டியிருந்தார்கள்.

கடைசியில், பெண்ணைக் காரில் ஏற்றும் இடம். இளம்பெண்ணாக ராசாத்தி மாலையோடு அழுதுகொண்டிருக்கிறார். வெள்ளை வேட்டி கட்டிய ஒல்லியான மனிதர் கார் ஜன்னலில் குனிந்து அவரிடம் என்னவோ சொல்கிறார். அகலமான அந்த நெற்றியைப் பார்த்ததுமே முத்தன் என்று தெரிந்துவிட்டது.

"அன்னைக்கு மேளச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார் ராசாத்தி. "அப்பறம் கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அப்பிடியே விட்டுட்டேன். அவுகளும் போயிட்டாக. ரஹ்மத்து, நீ பாத்துச் சொல்லுவியா தாயி?"

ரஹ்மத் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மூன்று தடவை போடச் சொன்னாள். அவசரப்படவில்லை. பிறகு ராசாத்தியின் பக்கம் திரும்பி, தன் குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"அழுகாத. பஸ் ஏறினா முக்கா மணி நேரந்தான்."

ராசாத்தி ஒரு நிமிடம் புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"இவ்வளவுதானா? நான் என்னமோ பெரிசா ஆசீர்வாதம் பண்ணுனாகன்னுல்ல நெனச்சேன்!" சிரித்துக்கொண்டே முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். "வந்தாகளே டீச்சர். சாகுற வரைக்கும் வாரா வாரம் வந்தாக. மஞ்சப்பையில திராட்சையப் போட்டுக்கிட்டு, அதே பஸ்ஸுல."

இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று ரிமோட்டை எடுத்தார். இந்த முறை பாட்டைச் சத்தமில்லாமல் ஆக்கிவிட்டு, தரையில் ரஹ்மத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.